வெறுமையாக விடவேண்டிய அறை

அந்த ஒரு அறையை மட்டும் தடித்த கோடு போட்டு அடைத்திருந்தார்கள். வாரப் பத்திரிகையின் சுடோக்கில் வழக்கமான விதிகளோடு இந்த முறை மேலதிகமாக இரண்டு. ஒரே எண் மூலைக்கு மூலை தொடக்கூடாது. தடித்த கோடிட்ட அறையை வெறுமையாக விடவேண்டும், யாரும் அதை நிரப்ப வேண்டாம்.

நாகேஸ்வரி ரீச்சர் மூக்கால் சிரித்தாள். வெறுமையாக விடுவதற்கு எதற்கு ஒரு அறை? போட்டவன் கணக்கில் எங்கோ இடறி விழுந்திருக்கிறான், விழுந்த இடத்தை மறைக்க விதி என்று பெயர் வைத்திருக்கிறான். கணக்குப் படிப்பிப்பதிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும், மற்றவர்களை மொக்குகள் என்று கண்டுபிடிப்பதிலிருந்து அவள் ஓய்வு பெறவில்லை. சுடோக்கையும் பேனையால்தான் போடுவாள். அழிறப்பர் வைத்திருக்கிறவன் பிழை விடத் தயாராக வந்தவன் என்பது வகுப்பில் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். அந்த வீட்டில் அழிறப்பரே கிடையாது.

"இஞ்சேர், அதை விடச் சொல்லித்தானே போட்டிருக்கு. விடுமன்," என்றார் சண்முகலிங்கம், செருப்பை மாட்டிக்கொண்டு. புதுக்கடை நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்து, மற்றவர்கள் எழுதித் தந்ததையே வாழ்நாள் முழுக்கப் பிரதி எடுத்த மனிதர்.

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. பேக்கரியில போய்க் கருகாத பாணாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. போனமுறை வாங்கினதை நாயும் மணந்து பாக்காது."

"ஓம்," என்று அவர் படியிறங்கினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவரோடு கதைத்ததில் பாதி, விளங்காது என்ற அந்த வசனம்தான். அவரும் அதற்குப் பழகியிருந்தார். அதைக் கேளாவிட்டால் வேறு வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று திகைத்துப் போவார்.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போக, அலுமாரிக் கண்ணாடிகள் நடுங்கி அடங்கின. வெள்ளவத்தைக்கே உரிய உப்புக் காற்றும், கீழ்வீட்டு நேசமலர் பொரிக்கும் மீனின் மணமும், வீட்டுக்குள் இருளத் தொடங்கிய நடையோடையில் கலந்து வந்தன. ஓடையின் கடைசியில் இருந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கும் பெடியளுக்கு முன்னர் அதை வாடகைக்கு விட்டிருந்தார்கள். சமாதானம் முறிந்து சுற்றிவளைப்புகள் திரும்பி வந்ததும் சண்முகலிங்கம் பயந்து நிறுத்திவிட்டார். வீட்டில் யார் யார் என்று பொலிஸில் பதியவேண்டும், பதியாத ஒரு ஆள் இருந்தால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். இப்போது பதிவில் இரண்டே பேர், அவரும் அவளும்.

சுடோக்கில் மற்ற எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. தடித்த கோட்டுக்குள் வரக்கூடியது ஆறு மட்டும்தான். வரிசையும் ஆறைக் கேட்டது, நிரலும் ஆறைக் கேட்டது. ஆனால் அதன் மூலையைத் தொட்டபடி அச்சில் வந்த ஆறு ஒன்று ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. இதுதானா விஷயம்? ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கக்கூடாதென்று அறையையே பூட்டி வைத்திருக்கிறார்கள்! அவள் பேனையால் இரண்டு தரம் மேசையில் தட்டினாள். பிறகு ஆறு என்று அழுத்தி எழுதினாள்.

ஓடையின் கடைசியில் கதிரை ஒன்று இழுபட்டது.

பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்தாள். சுவர்கள் மட்டை போல, இந்தப் பிளாற் கட்டியவனும் ஒரு மொக்குத்தான். ஆனால் சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து வரவில்லை. சீமெந்துத் தரையில் கதிரையின் ஒரு கால் மட்டும் கிறீச்சிட்டது, பெடியள் விட்டுப்போன நொண்டிக் கதிரையின் கால். அதற்குப் பின்னால், முழங்கால் வலிக்கு அவள் பூசும் சித்தாலேபத் தைலத்தின் மணம் மெல்ல மெல்ல ஓடை வழியே வந்தது, மீன் பொரியலையும் கடற்காற்றையும் தள்ளிக்கொண்டு. அவள் தன் முழங்காலை முகர்ந்து பார்த்தாள். இன்றைக்கு அவள் இன்னும் சித்தாலேப பூசியிருக்கவில்லை.

யாரோ பேனையால் மேசையில் தட்டினார்கள். இரண்டு தரம்.

அவளுடைய பேனை அவளுடைய கையில் இருந்தது.

"ஆரது?" என்று கேட்க வாயைத் திறந்தாள். தொண்டை செருமும் ஒலி அறைக்குள்ளிருந்து வந்தது. வகுப்புக்குள் நுழையும்போது அவள் செருமுகிற செருமல். கடைசி வாங்குப் பிள்ளைகளும் நடுங்கும் செருமல்.

"மொக்குகள்," என்றது அறை.

அவளுடைய குரல்.

நாகேஸ்வரியால் எழும்ப முடியவில்லை. படிகளில் சப்பாத்துகள். கீழே நேசமலர் சிங்களத்தில் யாருக்கோ பதில் சொன்னாள். சுற்றிவளைப்பு. ஒவ்வொரு வீடாக. கதவு திறந்தது. பாணோடு சண்முகலிங்கம், பின்னால் இரண்டு பொலிஸ்காரர்.

"அப்பி தென்னய், மாத்தயா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் இரண்டு பேர்தான், ஐயா.

ஓடையின் கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. வெளியே போட்டிருந்த தாழ்ப்பாள்.

ஓடையில் நாகேஸ்வரி வந்தாள். அதே ஹவுஸ்கோட். அதே கண்ணாடி. பாணைப் பார்த்தாள், மூக்கால் சிரித்தாள்.

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. இது பாணே, கரிக்கட்டையே?"

சண்முகலிங்கத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை மேசையிலிருந்தவள் கண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் மேசைப் பக்கம் திரும்பினார். திகைத்தார்.

"நங்கித?" என்றார் பொலிஸ்காரர். தங்கச்சியா? பதிவில் இல்லையே?

ஏதாவது சொல்லவேண்டும். அவர் தன்னை அடையாளம் காணும்படி ஏதாவது. அவருக்கு அவள் சொன்னது எல்லாம் ஏச்சுத்தான். அந்த ஏச்சுகளைத்தான் மற்றவள் சொல்லிக்கொண்டு நிற்கிறாளே. நாகேஸ்வரி எழும்பினாள். அவர் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ... நான்தான். கோவிக்காதேங்கோ. என்னை விட்டிடாதேங்கோ, ராசா."

ராசா. அந்தச் சொல்லை அவர் அவள் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இவ ஆரெண்டு எனக்குத் தெரியாது," என்றார். பிறகு அதையே சிங்களத்தில் சொன்னார்.

பொலிஸ்காரர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. மற்றவள் கதிரையில் உட்கார்ந்து பத்திரிகையை இழுத்துக்கொண்டாள். ஹவுஸ்கோட் பையிலிருந்து எதையோ எடுத்தாள். சின்னது. வெள்ளை. அழிறப்பர்.

பேனையால் எழுதிய ஆறைத் தொடவில்லை. அச்சில் வந்த ஆறின்மேல் வைத்தாள்.

ஒரே ஒருமுறை தேய்த்தாள்.

பொலிஸ்காரரின் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் மணிக்கட்டு இல்லை.