மூன்றாம் ஓலை

கறுப்பாய், வட்டமாய் ஏதோ ஒன்று மழைக்குள்ளிருந்து பறந்து வந்தது…

ஜெபமலர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அவள் குடையில் மோதி, இரண்டு கம்பிகளை முறித்து, சறுக்கிக்கொண்டு வந்து அவள் கழுத்திலேயே விழுந்தது. பிரம்பு வளையம்! நிற்காமல் போகிற கூட்ஸ் வண்டியிலிருந்து ரயில்வேக்காரர்கள் வீசுவார்களே, அது. அதன் தோல் பைக்குள், ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி போக அனுமதி தரும் டோக்கன் இருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் போர்ட்டர் பக்கம் எறிய வேண்டியது. எறிந்த மகானுபாவனோ, ஓரமாய் நின்ற பள்ளிக்கூட டீச்சரைக் குறிபார்த்துவிட்டான்.

எஞ்சினிலிருந்து ஒரு கரி முகம் எட்டிப் பார்த்தது. அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு கண்கள்… பயந்துபோய், அகலமாய்… அம்மாடி, இத்தனை வெளுப்பாய்க்கூடக் கண்கள் இருக்குமா? அதற்குள் வண்டி போயே போய்விட்டது.

போர்ட்டர் கருப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ சாமி! அடிகிடி பட்டுருச்சுங்களா? அந்த வளையத்தைக் குடுங்க சாமி. அதுல இருக்கற டோக்கன் மிஷினுக்குள்ள போனாத்தான் உங்க பாசஞ்சர் வண்டியே இங்க வரும்!"

அவளுக்கா தெரியாது? அப்பா சவரியார் சூரமங்கலத்தில் சிக்னல் கேபினில் வேலை பார்க்கிறவர். வளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெள்ளைப் புடவையில் ஒட்டிய கரியைப் பார்த்தாள்.

"எறிஞ்சவர் பேரு என்னங்க?"

"ஃபயர்மேன் பாக்கியநாதனுங்க. மேச்சேரிப் பக்கம். தங்கமான பையனுங்க…"

"தங்கம்தான். கண்ணைத்தான் எங்கயோ வச்சுட்டு வேலைக்கு வந்திருக்காரு."

பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குடைக்காகவா? இல்லை. இந்த நாலு மாதமாய் அவளுக்கு எதைத் தொட்டாலும் அழுகைதான். கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் சபைக்கு அறிவிக்க வேண்டும். ஜெபமலரின் பெயரை இரண்டு வாரம் வாசித்தார். மூன்றாம் வாரம் வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருச்சியில் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். கோயில் முழுக்க முந்நூறு தலைகள் அவள் பக்கம் திரும்பிய அந்த நிமிஷம்… அதற்குப் பிறகு அவள் விடியற்காலைப் பூசைக்குப் போய்த் தூண் மறைவில் உட்கார்ந்து வந்துவிடுகிறாள். பத்து மைல் தள்ளி, தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து வேலையும் தேடிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் சேலம் ஜங்ஷனில் இறங்கினாள். எதிரே ஒரு புதுக் குடை நின்றது. குடைக்குப் பின்னால், நன்றாகக் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரிய ஓர் ஆள். யார் இது என்று யோசிக்க விடவில்லை அந்தக் கண்கள்.

"ஏனுங்க டீச்சர்… கோவிச்சுக்காதீங்க. பாக்கியநாதனுங்க."

"ஓ… நீங்கதானா? தள்ளி நில்லுங்க. இன்னிக்குக் கையில என்ன வச்சிருக்கீங்களோ!"

"குடை மட்டுந்தானுங்க." அவன் முகம் சிவந்தது. "மழை கண்ணுல அடிச்சுருச்சுங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்க. அந்தப் புள்ள மூஞ்சியில ஒரு கோவங்கூட இல்லையேன்னு…"

"கோவம் இல்லையா? நல்லாப் பார்த்தீங்க!"

"கோவமில்லைங்க. சோர்வுங்க. எனக்குத் தெரியும். எங்கம்மா செத்துப்போன வருசம் நானும் இதே மூஞ்சியோடதான் திரிஞ்சேன்."

ஜெபமலர் குடையை வாங்கிக்கொண்டாள். எல்லாரும் அவளை 'பாவம்' என்றார்கள். 'ஜெபம் பண்ணு' என்றார்கள். யாரும் இப்படித் தன்னையும் சேர்த்துச் சொன்னதில்லை.

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?" அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"பெரிய வைத்தியமெல்லாம் இல்லைங்க. எங்க டிரைவர் குமாரசாமி அண்ணன், 'நாலு வாய் சூடாத் தின்னுடா, குளிச்சுப்போட்டுத் துவைச்ச சட்டையப் போடு'ன்னாரு. செஞ்சேன். கூட்ஸ் வண்டி போறப்ப பெட்டி எண்ணுவேன். அம்பது பெட்டி எண்ணுறதுக்குள்ள மனசு எதுக்கு அழுதோம்னு மறந்துபோயிரும். ரொம்ப முடியலைன்னா…" என்று மேலே காட்டினான். "அந்தப் பாலத்து மேல போயி நிப்பேன். அஞ்சு நிமிஷத்துல மெயில் வருது. பாக்கறீங்களா?"

போகக்கூடாது என்று புத்தி சொன்னது. கால் படியேறிவிட்டது.

தண்டவாளங்களுக்கு மேலே அந்த நடைபாலம். மழை விட்டிருந்தது. மேற்கே கஞ்சமலைக்குப் பின்னால் வானம் குங்குமமாய்க் கரைந்துகொண்டிருந்தது. பாக்கியநாதன் நாலு முழம் தள்ளி நின்றான். தூரத்தில் ஒரு கூவல்… பலகை மெல்ல நடுங்கியது. நடுக்கம் உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, நெஞ்சுக்குள் போய் இடித்தது. அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே அந்தப் பூதம் நுழைந்தது. திறந்திருந்த அடுப்பில் கணகணவென்று நெருப்பு… அவ்வளவு நெருப்பையா மனுஷன் கையால் மூட்டுகிறான்!

அடுத்த கணம் உலகமே மறைந்தது. வெள்ளை… எங்கு பார்த்தாலும் வெள்ளை. வெதுவெதுப்பான நீராவி அவளை முழுசாய் விழுங்கிக்கொண்டது. பாலம் இல்லை, சேலம் இல்லை, திரும்பிப் பார்த்த முந்நூறு தலைகள் இல்லை. மேகத்துக்குள் நிற்கிறோமா? தன் கையே தனக்குத் தெரியவில்லை. ஆண்டவரே, எத்தனை பெரிய உலகம் இது… எத்தனை சின்ன விஷயத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்!

மெல்ல மெல்ல வெண்மை கலைந்தது. முதலில் அவன் கண்கள் தெரிந்தன. ஜெபமலர் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டு.

"மூக்கு நுனியில கரிங்க," என்றான் அவன், மூச்சே விடாமல் பார்த்தபடி.

அப்புறம் எத்தனையோ சாயங்காலங்கள். அவன் லீவு நாட்களில் வருவான். அவள் எண்ணிய பெட்டிக் கணக்கை ஒப்பிப்பாள்; அவன் இரண்டு குறைத்துச் சொல்லிச் சண்டை பிடிப்பான். கார்த்திகை பிறந்தபின் ஒரு நாள் அவன் சண்டை பிடிக்கவில்லை.

"டீச்சருங்க… உங்க அப்பாவைப் பாத்துப் பேசட்டுங்களா?"

அவள் முகம் வெளுத்தது. எல்லாவற்றையும் சொன்னாள், ஓலையை, மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை. "இன்னொரு தடவை என் பேரை அங்க வாசிக்க விடமாட்டேங்க. செத்தாலும் மாட்டேன்."

"வாசிக்க வேண்டாமுங்க. பிஷப் ஆண்டவருக்கு எழுதி அனுமதி வாங்கினா, ஓலை இல்லாமலே கட்டிக்கலாம். கோயில்ல நடந்தது எனக்கு முன்னமே தெரியுமுங்க; சாமியாரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"ஒளிச்சு மறைச்சுக் கட்டிக்கற அளவுக்கு நான் என்ன தப்புப் பண்ணினேன்?" வெடுக்கென்று கேட்டுவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

இரண்டு வாரம் அவன் கண்ணில் படவில்லை. அவளே அல்லவா துரத்தினாள்? சூடாய்ச் சாப்பிட்டாள். குளித்தாள். எழுபத்திரண்டு பெட்டி எண்ணினாள். அழுகை நிற்கவில்லை. ஆனால் இது வேறு அழுகை என்று அவளுக்கே தெரிந்தது. தன் வாயிலிருந்து வந்த கேள்விதான் திரும்பத் திரும்பக் குடைந்தது. நான் என்ன தப்புப் பண்ணினேன்? ஒன்றுமில்லையே! அப்புறம் எதற்குத் தூண் மறைவு?

சனிக்கிழமை சாயங்காலம். ஜங்ஷனின் அந்தக் கோடியில் ஈரோட்டு வண்டி புறப்படத் தயாராய் நின்றது. எஞ்சினில் கரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தவனை அவள் பார்த்துவிட்டாள். பிளாட்பாரம் முழுக்கத் தெரிந்த முகங்கள். கோயில்காரர்களே ஏழெட்டுப் பேர். எல்லாரும் பார்க்கத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்! கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின் வரைக்கும், தலை நிமிர்ந்து, ஒவ்வோர் அடியாய் நடந்தாள். குமாரசாமி அண்ணன் அவளைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க…"

பாக்கியநாதன் குனிந்தான். கரி முகம். அந்த வெள்ளைக் கண்கள் கலங்கியிருந்தன.

"பிஷப்புக்கு எழுத வேண்டாம்," என்றாள் அவள். "அப்பாகிட்ட பேசுங்க. மூணு ஓலையும் வாசிக்கட்டும். நான் பெரிய பூசைக்கே போய், பொம்பளைங்க பக்கம் முன் வரிசையில உட்கார்ந்து கேக்கணும். எனக்கு உங்களைத்தாங்க பிடிச்சிருக்கு. அதை ஊரே கேக்கட்டும்."

அவன் கரி வாரியைக் கீழே வைத்தான்.

"மூணாவது வாரம் மட்டும்…" அவள் குரல் இறங்கியது. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கும். அன்னிக்கு நீங்க ஆம்பளைங்க பக்கம், என் கண்ணுக்குத் தெரியற இடத்துல உட்கார்ந்திருக்கணும். வந்துடுவீங்களா?"

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். வண்டி ஓர் அசைவு அசைந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தான்.

"முதல் வாரத்துல இருந்தே வாரேனுங்க!"