மக்பையும் மஞ்சள் சட்டையும்

வதனி பள்ளத்துக்குள் மல்லாந்து கிடந்தாள். அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே தெருவில் மற்றச் சைக்கிள்கள் அவளைக் கடந்து போயின. சர்ர்... சர்ர்... சர்ர்... ஒன்றுகூட நிற்கவில்லை.

மின்கம்பியில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, காகம் அளவில் இருந்தது. தலையைச் சாய்த்து வதனியைப் பார்த்து அலகைப் படக்கென்று மூடியது.

"நீதானா? உன்னால்தானே விழுந்தேன்!" என்று கத்தினாள் வதனி.

அது மக்பை. மெல்பேர்னில் குளிர் குறைந்து வசந்தம் தொடங்கும்போது மக்பைகள் கூடு கட்டும். கூட்டுப் பக்கம் யார் போனாலும், பின்னாலிருந்து பாய்ந்து வந்து தலையில் கொத்தும். சைக்கிளில் போகிறவர்கள்மேல் அவற்றுக்குத் தனிக் கோபம்.

வதனி எழுந்து, கழன்றிருந்த சங்கிலியை மாட்டினாள். அது இரண்டு தடவை நழுவியது. மறுபடி அவள் ஏறி மிதித்தபோது தெருவில் ஒருவரையும் காணவில்லை.

போன வருடம் இதே போட்டியில் முதலாவதாக வந்தவள் அவள்.

அது 1977ஆம் ஆண்டு. மல்கிரேவ் பகுதியில் அப்போது வீடுகளைவிடப் புல்வெளிகளும் மரக்கறித் தோட்டங்களும்தான் அதிகம். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த ஃபெரட்டி, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு மூன்று நாள் போட்டி நடத்துவார். மூன்று நாளும் ஒவ்வொருவர் எடுத்த நேரத்தையும் கூட்டுவார். யாருக்கு நேரம் குறைவோ அவருக்கே வெற்றி. ஒவ்வொரு நாளும் முன்னால் இருப்பவருக்கு, ஃபெரட்டியின் மனைவி பின்னிய மஞ்சள் கம்பளிச் சட்டை கிடைக்கும். அது முழங்கால்வரை தொங்கும். உடம்பெல்லாம் அரிக்கும். ஆனாலும் அதைப் போட எல்லாருக்கும் ஆசை.

இதுவரை யாரும் அந்தப் போட்டியில் இரண்டு தடவை வென்றதில்லை. வதனி வெல்ல நினைத்திருந்தாள். அடுத்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். பன்னிரண்டு வயதானவர்களைப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். இந்த வருடத்தை விட்டால் வேறு வருடம் இல்லை.

அன்றைக்கு அவள் கடைசிக்கு முதலாவதாக வந்தாள். அவளுக்கும் பின்னால் வந்தது தூலா மட்டும்தான். பழக்கடைக்காரரின் மகளான தூலாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய சைக்கிள் அவளைவிடப் பெரியது.

மஞ்சள் சட்டை, அன்று முதலாவதாக வந்த கிரெக் என்ற பையனுக்குப் போனது. அவன் நல்ல உயரம் என்பதால், சட்டை அளவாகவே இருந்தது. வதனிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் வதனி மிகவும் கவனமாக இருந்தாள். மக்பை கூடு கட்டியிருந்த யூக்கலிப்டஸ் மரங்கள் வந்ததும் திரும்பித் திரும்பிப் பறவையைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். பறவை கம்பியை விட்டு அசையவில்லை.

'இன்றைக்கு என்னிடம் வாலாட்ட முடியாது' என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தெரு வளைந்தது. வதனி வளையவில்லை. நேராகப் போய், வேலியில் மோதி, முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள் குப்புற விழுந்தாள்.

அன்றைக்கும் பிந்தித்தான் வந்தாள். இப்போது கிரெக்கைவிட அவள் மூன்று நிமிடம் பின்னால் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தவளை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். அம்மாவின் பெயர் யோகராணி. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தாள்.

"கோவாத் தோட்டத்துக்குள்ள விழுந்தனீ எண்டு கேள்விப்பட்டன். ஒரு கோவாவும் கொண்டு வரேல்லையா?"

"அம்மா! பகிடி விடாதேங்கோ!"

"சரி சரி. கதிரையில இரு. முழங்காலுக்கு மருந்து போடவேணும்."

வதனி இருந்தாள். உடனே எழும்பினாள். குசினி மேசையைச் சுற்றி நடந்தாள். மருந்துப் பஞ்சோடு அம்மாவும் அவளுக்குப் பின்னால் சுற்றினாள்.

"பிள்ளை, நான் முழங்காலைத் துரத்திப் பிடிக்கவோ?"

மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த தம்பி சேந்தன் சிரித்தான். அவனுக்கு ஆறு வயது. "அக்கா, நாளைக்கு எதுக்கு மேல விழப்போறாய்?"

"நாளைக்கு விழமாட்டன்!"

ஆனால் எப்படி? வதனிக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். முதல் நாள் நான் அதைப் பார்க்கவில்லை; அது கொத்தியது. இரண்டாம் நாள் பார்த்துக்கொண்டே போனேன். அது வரவே இல்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொத்து விழுந்தது. பாதிப் பேர் இறங்கி, தலையில் கையை வைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

"சேந்தன், வா என்னோட!"

இருவரும் அந்த மரங்களுக்குப் போனார்கள். வதனி பறவையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தாள். பறவை அசையவில்லை. பிறகு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"அக்கா, வருது! வருது!" என்று சேந்தன் அலறினான்.

வதனி வெடுக்கென்று திரும்பினாள். பறவை பாதி வழியில் வளைந்து கம்பிக்கே போய்விட்டது.

"கண்டுபிடிச்சிட்டன்! பார்த்துக்கொண்டு நிண்டா அது வராது. எனக்குப் பின்னாலயும் கண் வேணும்!"

"பின்னால கண்ணுக்கு எங்க போறது?"

வதனி யோசித்தாள். பிறகு வீட்டை நோக்கி ஓடினாள்.

குளிர்பெட்டியில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி நிறைய ஐஸ்கிறீம் இருந்தது. தலையில் கவிழ்த்தால் அளவாக இருக்கும். ஆனால் முதலில் அது காலியாகவேண்டுமே!

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா கதவடியிலேயே நின்றுவிட்டார். இடியப்பமும் சொதியும் ஒரு பக்கம் இருக்க, மூன்று பேரும் உட்கார்ந்து ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் பல் கிடுகிடு என்று அடித்தது.

"என்ன நடக்குது இங்க?"

"கேள்வி கேளாமல் ஒரு கோப்பை எடுங்கோ. பெட்டி வேணுமாம்" என்றாள் அம்மா.

பெட்டி காலியானதும், வதனி அதன் பின்பக்கத்தில் இரண்டு பெரிய கண்களைக் கீறினாள். சேந்தன் அவற்றுக்கு மேலே கோபமான புருவமும் கீறிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் காலை. பதினான்கு சைக்கிள்கள் வரிசையில் நின்றன. வதனியின் தலையைப் பார்த்து எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வதனி, பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருக்கிறதா?" என்று கேட்டான் கிரெக்.

வதனி பெட்டியைத் தலையில் இன்னும் அழுத்திக்கொண்டாள். அவளுடைய கால் மிதிபடியில் துடித்துக்கொண்டிருந்தது.

தோட்டங்களைச் சுற்றி இரண்டு சுற்று ஓடவேண்டும். ஃபெரட்டி கொடியை இறக்கினார்.

முதல் சுற்றில் அந்த மரங்களடியில் எல்லாரும் இறங்கினார்கள். தலையைக் கையால் மூடிக்கொண்டு சைக்கிளை மெல்ல உருட்டினார்கள். வதனி இறங்கவில்லை. குனிந்து ஒரே மிதியாக மிதித்தாள். பறவை கம்பியில் இருந்தபடி அந்தக் கோபக் கண்களையே பார்த்தது. வரவில்லை!

அதன் பிறகு அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. முதல் சுற்று முடிந்து தொடக்கக் கோட்டைக் கடந்தபோது ஃபெரட்டி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னால் நிற்கிறாய்! இன்னும் ஒரு சுற்று, வதனி! முடியும்!"

முடியும். மரங்கள் மறுபடி வந்தன.

அங்கே தெருவோரத்தில் தூலா குந்தியிருந்தாள். எல்லாருக்கும் கடைசியாக, தனியாக வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் முதல் சுற்றையே முடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள். காதோரம் இரத்தம். பறவை மேலே போய், திரும்பி, மறுபடி பாய்ந்தது.

வதனி அவளைக் கடந்து போய்விட்டாள்.

கால்கள் மிதித்தன. ஆனால் காதுக்குள் வேறொரு சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... பள்ளத்துக்குள் கிடந்தபோது கேட்ட சத்தம். இப்போது அந்தச் சத்தம் அவளுடைய சைக்கிளிலிருந்துதான் வந்தது.

"அய்யோ!" என்றாள் வதனி, பல்லைக் கடித்துக்கொண்டு. பிரேக்கை இறுக்கிப் பிடித்துத் திரும்பினாள்.

"ஏன் வந்தாய்? போ! நீ முதலாவதாகப் போகிறாய்!" என்று விம்மினாள் தூலா.

"பேசாதே. தலையைக் காட்டு." வதனி தன் பெட்டியைக் கழற்றித் தூலாவின் தலையில் மாட்டினாள். "இனிமேல் அது வராது. ஏறு."

"நான் தனியாகப் போகமாட்டேன்."

"தூலா, எனக்கு நேரமில்லை!"

"தனியாகப் போகமாட்டேன்!"

வதனி தெருவைப் பார்த்தாள். தூரத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. கிரெக்கும் மற்றவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். தலைக்குமேல் பறவை. வதனிக்கு இப்போது பின்கண்ணும் இல்லை.

கிரெக் வந்து இறங்கினான். "என்ன நடந்தது?"

வதனிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "நில்லுங்கள்! யாரும் உருட்டவேண்டாம். எல்லாரும் ஏறுங்கள். கூட்டமாகப் போவோம். தூலா கடைசியில் வரட்டும்."

"அவள் எப்போதும் கடைசிதானே" என்றான் ஒருவன்.

"இன்றைக்கு அவள்தான் கடைசியில் வரவேண்டும். பறவை பின்னாலிருந்துதான் பாயும். கடைசி ஆளுக்குக் கண் இருந்தால் அது யாரிடமும் வராது. ஒருவரும் அவளுக்குப் பின்னால் போகாதீர்கள். அவளை விட்டு வேகமாகவும் போகாதீர்கள்."

"எதுவரைக்கும்?" என்று கேட்டான் கிரெக்.

"கடைசி மரம்வரைக்கும். அதற்குப் பிறகு போட்டி."

கிரெக் மேலே பறவையைப் பார்த்தான். உடனே சைக்கிளில் ஏறினான்.

பதினான்கு சைக்கிள்களும் வாத்துக் கூட்டம்போல மெல்லப் போயின. கடைசியில், தலையில் பெரிய பெட்டியோடு, முதுகை நிமிர்த்தித் தூலா வந்தாள்.

"வேகம் கூடிவிட்டது! முன்னால் இருக்கிறவர்கள் மெதுவாகப் போங்கள்!" என்று அவள் கட்டளை போட்டாள். எல்லாரும் கேட்டார்கள்.

பறவை கம்பி ஓரமாக நடந்து நடந்து பார்த்தது. ஒருவரையும் தொடவில்லை.

கடைசி மரத்தைத் தாண்டினார்கள்.

"இப்போது!" என்று கத்தினாள் வதனி.

பதின்மூன்று பேரும் எழுந்து நின்று மிதித்தார்கள். வதனிக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. முழங்கால் எரிந்தது. கோட்டுக்குக் கிட்ட கிரெக்கின் முழங்கை அவளுடைய முழங்கையை உரசியது. அரைச் சக்கரம் முந்தி அவள் கோட்டைக் கடந்தாள்.

அன்றைய ஓட்டத்தில் வதனி முதலாவது. ஆனால் மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது ஆறாவது. மஞ்சள் சட்டை கிரெக்குக்கே போனது.

வதனி தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள். பிறகும் கழுவினாள். கண் சிவந்ததை யாரும் பார்க்கக்கூடாது.

கிரெக் பக்கத்தில் வந்து நின்றான். அரிப்புத் தாங்காமல் கழுத்தைச் சொறிந்தான்.

"நீ பெட்டியோடு போயிருந்தால் இந்தச் சட்டை உன்னிடம் வந்திருக்கும்."

"தெரியும்."

"பிறகு ஏன் நின்றாய்?"

"அவள் அழுதாள்" என்றாள் வதனி. குழாயை மூடிவிட்டு, "நிற்கவேண்டி வந்ததில் எனக்குக் கோபம்தான்" என்றும் சொன்னாள்.

அப்போது தெருவில் ஒரே ஆரவாரம். தூலா தன் இரண்டாவது சுற்றையும் தனியாகவே முடித்துக்கொண்டு வந்தாள். வதனி முகத்தைத் துடைக்கவும் மறந்து, கோட்டடிக்கு ஓடினாள்.

அடுத்த வருடம் வதனிக்குப் பன்னிரண்டு வயது. அவள் போட்டியில் சேரமுடியாது. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, தொடங்கும் இடத்தில் ஓரமாக நின்றாள்.

ஃபெரட்டி கைதட்டி எல்லாரையும் அமைதியாக்கினார்.

"கவனியுங்கள்! முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரைக்கும் 'வதனி'. அங்கே யாரும் யாரையும் முந்தக்கூடாது. கூட்டமாகத்தான் போகவேண்டும். கடைசியில் தூலா வருவாள்."

வரிசையின் நடுவில், தலையில் அந்தக் கண் பெட்டியோடு, தூலா ஒரு ராணிபோல நின்றாள். மற்றப் பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது தெரிந்த விஷயம்.

வரிசையின் ஓரத்தில் ஒரு புதுப் பையன் மட்டும் விழித்துக்கொண்டு நின்றான். கிட்ட நின்ற வதனியின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வதனி என்றால் என்ன? அந்தப் பறவையின் பெயரா?"

வதனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஆமாம்" என்றாள். "அது சும்மா இருக்காது. பார், இப்போதுகூட உங்களுக்கு முன்னால் அங்கே போகப்போகிறது."

சைக்கிளில் தாவி ஏறி, மரங்களை நோக்கி மிதித்தாள்.