நாலாயிரம் ஆர்.பி.எம்.மில் மரணம்!

போன் அலறியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஜாஸ்மின், கை கிரீஸைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"கொலை!" என்றது மறுமுனை.

"யாரை?"

"என் செவலையை!"

ஜாஸ்மின் பெருமூச்சு விட்டாள். செவலை என்பது மாடு அல்ல. பேசுகிறவர் ராஜபாளையத்துக்காரர் என்பதால் நாய் என்றும் நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சிவப்புக் கார்! பேண்டேஜ் துணி பேக்டரி முதலாளி நவநீதகிருஷ்ணனின் செல்லம். வார நாட்களில் நூல் கோன் சுமக்கும். அவ்வப்போது கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்கில், முதலாளி ஹெல்மெட் மாட்டியதும், பறக்கும்.

"உயிர் இருக்கா அண்ணாச்சி?"

"மெல்லப் போனா இருக்கு. மிதிச்சா நாலாயிரம் ஆர்.பி.எம்.ல விக்குது... இருமுது... படுத்துருது!"

"சரி, மெல்லவே ஓட்டிட்டு வாங்க."

"வாரேன். தனியா இல்ல... போலீசோட வாரேன்!"

வந்தார்கள்.

காரிலிருந்து முதலில் ஒரு மீசை இறங்கியது. பின்னாலேயே நவநீதகிருஷ்ணன் இறங்கினார். அம்புட்டுப் பெரிய மீசை!

அடுத்து இறங்கியவன் சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி. நவநீதகிருஷ்ணனின் மனைவிக்குத் தம்பி. லீவில்தான் இருந்தான், ஆனாலும் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்துக் காரைச் சுற்றித் தரையில் கோடு போட்டான்.

"யாரும் கோட்டைத் தாண்டப்படாது!"

"தாண்டாம எப்படி சார் பானெட்டைத் தொறக்க?"

யோசித்தான். "சரி... நீங்க மட்டும் தாண்டுங்க."

நவநீதகிருஷ்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை தேவதானம் சதீஷோட பந்தயம்மா. ட்ராக்கை யாரு வேகமா சுத்துறாங்கன்னு பாக்கணும். தோத்தவன்... தோத்தவன்..."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மீசையை எடுக்கணும்!"

சங்கிலிப்பாண்டி துக்க வீட்டில் நிற்பவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அக்கா கழுத்தில் தாலி ஏறியபோதே அந்த மீசை இருந்தது. அது இல்லாத அத்தானை அவன் பார்த்ததே இல்லை.

"சதீஷ்தான் ஏதோ பண்ணிட்டான் மாப்ளே!"

சங்கிலிப்பாண்டி உடனே சதீஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினான்.

"ஏம்லே, செவலையை என்ன செஞ்ச?"

"நான் எதுக்கு சார் செய்யணும்? அண்ணாச்சி கியர் மாத்துற லட்சணத்துக்கு, நான் தூங்கிக்கிட்டே ஓட்டினாலும் ஜெயிச்சிருவேன்!"

போன் கட்!

"எம்புட்டுத் திமிரு! பயமே இல்லாம பேசுதான் அத்தான். இவன் இல்ல."

ஜாஸ்மின் அதற்குள் ஸ்கேனரை மாட்டியிருந்தாள். அதில் கோளாறு எதுவும் வரவில்லை. பெட்ரோல் பம்ப்பைப் பார்த்தாள், பிரஷர் சரியாக இருந்தது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தாள், அதுவும் பழுதில்லை.

"விஷம் இல்ல... வெட்டுக்காயம் இல்ல..." என்று முணுமுணுத்தான் சங்கிலிப்பாண்டி.

"நிக்க வச்சுப் பாத்தா தெரியாது. ஓட விட்டுப் பாக்கணும். ஏறுங்க!"

கிருஷ்ணன்கோவில் ரோடு. நவநீதகிருஷ்ணன் ஓட்டினார். பக்கத்தில் ஸ்கேனரோடு ஜாஸ்மின். பின் சீட்டில் சங்கிலிப்பாண்டி, கண்ணை மூடி ஆண்டாளைக் கும்பிட்டபடி!

"செகண்ட் கியர்லயே வைங்க. இப்போ மிதிங்க!"

மூவாயிரம்... மூவாயிரத்து ஐந்நூறு... நாலாயிரம்...

கக்... கக்... கக்!

"ஓரங்கட்டுங்க!" ஜாஸ்மினின் கண்கள் மின்னின. "பெட்ரோல் சரியா வருது. நெருப்பும் சரியா விழுது. ஆனா நீங்க எம்புட்டு மிதிச்சாலும் இன்ஜினுக்குள்ள போற காத்து மட்டும் கூடவே மாட்டேங்குது. மெல்லப் போகையில அந்தக் காத்து போதும். வேகம் எடுத்தா பத்தல."

"அப்படின்னா?"

"யாரோ மூச்சை அடைச்சிருக்காங்க!"

ரோட்டோரத்திலேயே ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே... வெள்ளையாக... உருண்டையாக... பில்டரைச் சுற்றி பேண்டேஜ் துணி! எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல எட்டுச் சுற்று!

சங்கிலிப்பாண்டி கைக்குட்டையால் அதன் நுனியைத் தூக்கினான். "ஓரத்துல பச்சை நூல் ஓடுதே?"

நவநீதகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். "மாப்ளே... இது நம்ம பேக்டரி துணி!"

"உள்ளாள் வேலை! வண்டிச் சாவி எங்க இருக்கும்?"

"வீட்டுல."

"வீட்டுல யாரு இருப்பா?"

"உங்க அக்கா."

மூவரும் ராஜபாளையத்துக்கு வண்டியைத் திருப்பினார்கள்.

பேக்டரியில் ஷிப்ட் முடிந்திருந்தது. நவநீதகிருஷ்ணனின் மனைவி மாரிச்செல்வி தறிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். தம்பி கையில் பேண்டேஜ் துணியைப் பார்த்தாள். அசரவில்லை.

"நாந்தான் கட்டுனேன்" என்றாள்.

நவநீதகிருஷ்ணன் சுற்றிலும் பார்த்தார். ஷிப்ட் முடிந்தால் பஞ்சுத் தூசி விழாமல் எல்லாத் தறிக்கும் துணி போர்த்துவது அங்கே வழக்கம். மோட்டார், சுவிட்ச் பெட்டி, மேஜை பேன் வரை போர்த்தியிருந்தார்கள். அவர் கண்கள் கலங்கின.

"பஞ்சு போயிரக் கூடாதுன்னு செவலைக்கும் கட்டியிருக்கா மாப்ளே! பாசம்! அம்புட்டும் பாசம்!"

"கேஸ் முடிஞ்சது" என்றான் சங்கிலிப்பாண்டி நிம்மதியாக.

"செத்த நேரம் பொறுங்க சார்" என்றாள் ஜாஸ்மின். "அக்கா... தூசிக்குன்னா ஒரு சுத்து போதுமே. எட்டுச் சுத்து எதுக்கு?"

மாரிச்செல்வி சிரித்துவிட்டாள்.

"காத்து இழுக்குற கம்ப்ரஸர் வாயில பஞ்சு அடைச்சா மோட்டார் திணறும். தினமும் பாக்கேன். காருக்கும் அதே கணக்குதான?"

"வேணும்னேவா செஞ்சே?"

"ஆமா! நீங்க தோக்கணும்னுதான் செஞ்சேன்! கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மீசை குத்துது! ரசம் குடிச்சா பாதி அதுலதான் நிக்குது! எடுங்க, எடுங்கன்னு எத்தன தடவ கெஞ்சிருப்பேன்? சதீஷ் சொன்னா மட்டும் எடுப்பீகளாக்கும்!"

சங்கிலிப்பாண்டி துள்ளினான். "அப்போ குறி வண்டிக்கு இல்ல... மீசைக்கு!"

"ஒரு மீசைக்காக என் செவலையைக் கொல்லப் பாத்தியே!"

"ஒரு மீசைக்காக நீங்க என்னையத் தள்ளி வச்சீகளே!"

நவநீதகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர் ட்ராக்.

கட்டு அவிழ்ந்த செவலை சீறியது! ஐயாயிரம்! ஆறாயிரம்! சதீஷ் எடுத்த நேரத்தை எளிதாக முறியடிக்கும் வேகம். கடைசி வளைவு...

அங்கே நவநீதகிருஷ்ணனுக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாக அவள் கெஞ்சியதும் நினைவுக்கு வந்தது. கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டது.

தோற்றார்!

துணைக்கு வந்திருந்த ஜாஸ்மின் ஓடி வந்தாள். "என்ன அண்ணாச்சி! மறுபடியும் மூச்சு முட்டிருச்சா?"

"ஆமாம்மா. இந்தத் தடவ வண்டிக்கு இல்ல... எனக்கு!"

அன்று மாலை, சலூனில் மீசையைக் கொடுத்துவிட்டு, வழியில் பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டினார். புது மாப்பிள்ளை போலச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மாரிச்செல்வி கதவைத் திறந்தாள்.

"வீல்ல்ல்ல்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து சங்கிலிப்பாண்டி ஓடி வந்தான். "யாருக்கா? திருடனா?"

"ஏட்டி, நாந்தான்! உனக்காகத்தான் வேணும்னே தோத்துட்டு வாரேன்!"

மாரிச்செல்வி மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே கிடந்த அந்தப் பரந்த வெளியை நெடுநேரம் பார்த்தாள். அவள் கண்களில் நீர் பொங்கியது. பால்கோவா டப்பாவை மட்டும் மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"மீசைக்குப் பின்னால இப்படி ஒரு மூஞ்சி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, நானே கோயம்புத்தூருக்கு வந்து, வண்டியைத் தள்ளியாச்சும் உங்கள ஜெயிக்க வச்சிருப்பேனே!"