மஞ்சள் தொடங்கிய இடம்

"கடைசிப் பதினொரு வயலும் தப்பாது. அதுகளுக்கு இனித் தண்ணி விட்டால் வீண்தான்," என்றார் பொன்னையா.

அவர் தர்மபுரத்தில் ஒரு வாய்க்காலை நம்பி நெல் விளைவிக்கும் கமக்காரர் அமைப்பின் தலைவர். கூட்டம் நடந்த பொதுநோக்கு மண்டபச் சுவரில் செய்மதிப் படம் ஒன்று பெரிதாகத் தெரிந்தது. விவசாய உத்தியோகத்தர் சுமித்திரா தன் மடிக்கணினியிலிருந்து ஒளியெறி கருவி வழியே அதைக் காட்டிக்கொண்டிருந்தார். மேல் வயல்கள் பச்சை. வாய்க்காலின் கடைசியில் இருந்த பதினொன்றும் மஞ்சள்.

அதில் ஒன்று ரஜிதாவின் அம்மா மீனம்மாவுடையது.

"அவை பிந்தி விதைச்சவை. வானத்திலயிருந்து பாத்தாலே தெரியுது," என்றார் பொன்னையா.

தரம் ஆறில் படிக்கும் ரஜிதா எழுந்து நின்றாள்.

"இல்லை ஐயா. எல்லாரும் விதைச்ச அண்டைக்குத்தான் நாங்களும் விதைச்சனாங்கள்."

அம்மா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு புள்ள."

ரஜிதா உட்காரவில்லை. "மிஸ், போன மாசப் படம் இருக்கோ?"

"ஓம், இருக்கு. செய்மதி ஐஞ்சு நாளைக்கு ஒருக்கா இதால போகும்." சுமித்திரா பழைய படத்தைக் காட்டினார்.

மேல் வயல்களும் பச்சை. கீழ் வயல்களும் பச்சை.

"விதைச்சது சரிதான். பிறகு கவனிக்காமல் விட்டிட்டினம்," என்றார் பொன்னையா.

"பதினொரு பேரும் ஒரே கிழமையிலயோ ஐயா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுமித்திரா அடுத்தடுத்த படங்களைக் காட்டினார். மூன்றாவதில் பதினொன்றிலும் மஞ்சள் ஒன்றாகத் தொடங்கியது. ரஜிதா சுவருக்கு ஓடினாள். அவளுடைய தலையின் நிழல் நாலு வயல்களை மறைத்தது.

"பிள்ளை, குனி. என்ர வயலைக் காணேல்லை," என்றது ஒரு குரல்.

குனிந்தபடியே அவள் ஒரு வெள்ளைக் கோட்டைத் தொட்டாள். "இது எங்கட மண் ரோட்டு. ரோட்டுக்கு இஞ்சால பச்சை, அங்கால மஞ்சள். பிழை பயிரில இல்லை. ரோட்டுக்குக் கீழ இருக்கிற மதகிலதான் தண்ணி நிக்குது."

"கூட்டம் முடியட்டும். நாளைக்குப் பாப்பம்," என்றார் பொன்னையா.

"இண்டைக்குத் தண்ணியை நிப்பாட்டிப்போட்டு நாளைக்கு என்னத்தைப் பாக்கிறது?"

அவள் வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தாள். ஒருவரும் அசையவில்லை. முதலில் எழுந்தவர் மீனம்மா. "வாறேன் புள்ள," என்றார். அவருக்குப் பின்னால் சுமித்திரா, அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

மதகின் வாயைச் சேறு நிறைந்த சாக்கு ஒன்று அடைத்திருந்தது. அதில் முறிந்த கொப்புகளும் பாசியும் சிக்கியிருந்தன. தேங்கிய தண்ணீர் மேல் வயல்களுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

மீனம்மா முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். ரஜிதாவும் இறங்கினாள். இருவரும் இழுத்தார்கள். சாக்கு அசையவில்லை. மேல் வயல்காரர் இருவர் வந்து கைகொடுத்தார்கள். சாக்கு விடுபட்ட வேகத்தில் நால்வரும் சேற்றில் விழுந்தார்கள். தண்ணீர் இரைச்சலோடு மதகுக்குள் பாய்ந்தது.

சுமித்திரா மஞ்சளாகிப்போன நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். "வேரில உயிர் இருக்கு. தண்ணி கிடைச்சால் தப்பும்."

பொன்னையா கடைசியாக வந்து மதகை எட்டிப் பார்த்தார். "சரி. இந்தப் பதினொரு வயலுக்கும் தண்ணி விடுவம். மண்டபத்துக்குப் போய்க் கூட்டக் கொப்பியில முடிவை எழுதுவம்."

"கொப்பி உங்கட கையிலதானே இருக்கு. இஞ்சையே எழுதுங்கோ ஐயா," என்றாள் ரஜிதா, சேறு வழிய நின்றபடி.

பொன்னையா அவளைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு கொப்பியைச் சைக்கிள் சீற்றில் வைத்து எழுதத் தொடங்கினார்.

அவர் கையெழுத்துப் போடுவதற்குள் தண்ணீர் மீனம்மாவின் வயலுக்குள் இறங்கிவிட்டது.