தினத்துக்கு ஒரு போட்டோ

தாலிக்கயிறு போய்விட்டது. அது கிடந்த தடம்தான் போகமாட்டேன் என்றது.

தேவசேனா மணப்பெண்ணின் கழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, மறுபடி சுற்றிக் கோடு இழுத்து, அழிக்கும் பட்டனைத் தட்டினாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. அழித்த இடத்தைத் தோலின் நிறத்தால் தானே நிரப்பித் தர வேண்டிய மென்பொருள், இந்த முறையும் அங்கே ஒரு கோட்டைப் போட்டு வைத்தது. ஒரு காதின் கீழே தொடங்கி மறு காதின் கீழே முடிகிற கோடு. ஊதா கலந்த கருப்பு.

மேசையில் போன் அதிர்ந்தது.

"அம்மா, அயிபோயிந்தா?"

"ஆயிடுச்சு சார். அஞ்சு நிமிஷம்."

பெண்ணின் அப்பா. பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். தெலுங்கும் தமிழுமாகக் கலந்து, நிதானமாகப் பேசினார்.

"பையன் கை?"

"தோள்ல இருந்து எடுத்துட்டேன் சார். மாலையும் எடுத்துட்டேன்."

"தாலி தெரியக் கூடாதும்மா. எங்க வீட்ல இருந்தப்ப எப்படி இருந்தாளோ, அப்படி இருக்கணும்."

வீட்டை விட்டு ஓடிப்போய்க் காலையில்தான் தாலி கட்டிக்கொண்ட மகளைப் பற்றிப் பேசுகிற அப்பா. குரலில் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. தேவசேனா அந்தக் கோட்டின்மேல் பெண்ணின் பின்னலை இழுத்து விட்டு, மீதியை லேசாக மங்கலாக்கினாள். உற்றுப் பார்த்தால் நிழல் மாதிரி தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று படத்தைத் தங்கவேலுவின் கலர் லேபுக்கு அனுப்பினாள். பிரிண்ட் போட்டு, கண்ணாடி வைத்து ஃப்ரேம் பண்ணி வைத்தால், பலமனேரிலிருந்து வரும் கார் வாங்கிக்கொள்ளும் என்று ஏற்பாடு. அந்த லேபைப் பெண்ணின் அப்பாவுக்குச் சொன்னதும் அவள்தான்.

தேவசேனாவுக்குச் சொந்த ஊர் செஞ்சி. கணவன் பாலசுந்தரத்துக்கு ஸ்ரீசிட்டியில் வேலை என்பதால் திருப்பதிக்கு வந்தவள். பெரிய கல்யாணங்களை அவள் எடுப்பதில்லை. பத்துப் பேர் நிற்கிற கோயில் கல்யாணம், மணப்பெண் தனிப்படம், ஊரை விட்டு வந்து ரிஜிஸ்டர் பண்ண அவசரமாக ஒரு மாலைப் படம் கேட்கிற ஜோடிகள். இதுதான் தொழில். தெலுங்கு? கீரைக்காரியிடம் பேரம் பேசுமளவுக்கு வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இன்று காலை வந்த ஜோடி அக்ஷயாவும் பரணியும். அவன் நகரியில் விசைத்தறி ஓட்டுகிற வீட்டுப் பையன். அவள் அவனிடமே தமிழ் கற்றுக்கொண்டவள், அதனால் அவளும் நகரித் தமிழ்தான் பேசுவாள். படம் எடுத்து முடித்ததும், "உங்க பேரு, நம்பர் எல்லாம் வெச்சு ஸ்டேட்டஸ்ல போடுங்கக்கா. யாராச்சும் காட்டுவாங்க. எங்க நைனா பாக்கட்டும்" என்றாள்.

பார்த்தார். படத்தின் மூலையில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும், "தினானிக்கி ஃபோட்டோ காவாலம்மா."

தினம். நாள். நல்ல நாளுக்கு மகளின் போட்டோ கேட்கிறார்! அந்த வார்த்தையில் தேவசேனாவுக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை. ஜோடி காபி குடித்துக்கொண்டிருந்த கூடத்துக்கு ஓடினாள்.

"ஏய் பொண்ணே, உங்கப்பா ஒத்துக்கிட்டார்! கல்யாண நாள் வைக்கப் போறாராம். உன் போட்டோ கேக்குறார்."

அக்ஷயா டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க நைனாவா? போன் எடுத்தா மொதல்ல திட்டுவாரே. திட்லயா?"

"ஒரு வார்த்தை திட்டலை."

"அதான் பயமா கீது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மாப்பிள்ளை போய்த் தன் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு நாளை முறையாக வரட்டும், பெண் மட்டும் இன்றே வரட்டும் என்றார் அப்பா. பரணி நகரிக்குப் பஸ் ஏறினான். "நாளைக்கி மாமியார் ஊட்டு விருந்துக்கா. இன்னிக்கி ராத்திரியே துன்னாம இருக்கப் போறேன்" என்று வாசலில் நின்று வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கார் வந்தது. ஓட்டி வந்தவர் பெண்ணின் தாய்மாமன் சுரேஷ்பாபு. வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். கார்க் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து சாமந்தியும் ஊதுபத்தியும் புதுத்துணியின் கஞ்சியும் கலந்த வாசனை மழைக்காற்றோடு வந்து தேவசேனாவின் முகத்தில் மோதியது. விசேஷ வீட்டு வாசனை. பின்சீட்டில், தெலுங்குப் பேப்பர் சுற்றிய தட்டையான சதுரம் ஒன்று சாய்ந்திருந்தது.

"என்ன மாமா இது?" அக்ஷயா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"உனக்குத்தாம்மா. வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்."

கார் சந்து முனையில் திரும்பும்வரை அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு சத்தமில்லாமல் போனது. மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், இன்வெர்ட்டர் ஒரு வண்டைப் போல முனக ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் வழக்கமாகத் தெரிகிற விளக்கு வரிசையை மேகம் விழுங்கியிருந்தது. அறையில் வெளிச்சம் என்று இருந்தது கம்ப்யூட்டர் திரை மட்டும்தான். அதில் அக்ஷயா. மாலை இல்லாமல், தாலி இல்லாமல், தோளில் கை இல்லாமல், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கும்போது அழகாக இருந்த படம். சுற்றியிருந்ததை எல்லாம் எடுத்த பிறகு, இந்த மாதிரிப் படத்தை வேறு எங்கோ பார்த்த நினைவு. எங்கே? சுவரில். யார் வீட்டுச் சுவரில்?

போன் அடித்ததில் தூக்கிவாரிப் போட்டது. தங்கவேலு.

"மா, நான்தான். ஃப்ரேம் குட்த்துட்டேன், அப்பவே வாங்கினு பூட்டாங்க. எனக்குத்தான் மனசே சரியில்ல. உனக்குத் தெரிஞ்சவங்களா? சின்னப் பொண்ணா கீதே. எப்பிடிமா ஆச்சு?"

"எது எப்படி ஆச்சு?"

"அந்தப் பொண்ணு எப்பிடிமா செத்துச்சு?"

தேவசேனா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அண்ணே, என்ன பேசறீங்க? சாயங்காலம்தான் இங்கேருந்து கிளம்பிப் போனா. அவ கல்யாண நாளுக்குத்தான் போட்டோ. அவங்க அப்பா சொன்னாரே, தினத்துக்குன்னு."



"தெலுங்குல சொன்னாரா? தினத்துக்குன்னே சொன்னாரா?"

"ஆமாம்."

"மா... தெலுங்குல தினம்ன்னா கருமாதி மா."

இன்வெர்ட்டர் முனகல் காதுக்குள் பெரிதானது. ஊதுபத்தி வாசனை. சாமந்தி. எந்த விசேஷத்தின் வாசனை அது?

"இரு, இரு, பயந்துக்காத" என்றார் தங்கவேலு அவசரமாக. "ஓடிப்போன பொண்ணுங்களுக்கு உசுரோட இருக்கச்சொல்லவே பண்றது உண்டு. தலை முழுகிடறது. போட்டோவுக்கு மாலை போட்டு, ஊரக் கூட்டிச் சோறு போட்டு, எங்களுக்குப் பொண்ணே இல்லன்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. கோவம். அவ்ளோதான்."

"அப்படின்னா எதுக்குண்ணே கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க?"

தங்கவேலுவின் குரல் தாழ்ந்தது.

"கீழ எழுத வேண்டிய தெலுங்கு எல்லாம் அவங்களே அனுப்பினாங்கமா. அதுல ஒரு தப்பு இருந்துச்சு. அந்த மாமன்காரன் வாங்க வந்தப்ப சொன்னேன், திருத்தித் தரேன் சார்ன்னு. அதெல்லாம் கரெக்டாத்தான் கீது, குடுன்னுட்டாரு. நீ ஒரு தரம் அவங்களாண்ட—"

லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். போகவில்லை. அக்ஷயாவுக்கு அடித்தாள். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா!" உற்சாகமான குரல். பின்னால் வைப்பரின் சத்தம், மெல்லிய பாட்டு. "மொகிலி காட் ஏறிக்கினு இருக்கோம். செம மழை! மாமா மக்காச்சோளம் வாங்கிக் குட்த்தாரு."

"அக்ஷயா, போன் ஸ்பீக்கர்ல இருக்கா?"

"ஆமாக்கா, கார்ல கனெக்ட் ஆயிகீது. ஏன்?"

அந்த மாமனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எதைச் சொல்வது? வண்டியை நிறுத்து, இறங்கி ஓடு என்றா? மலைப்பாதையில், மழையில், எங்கே ஓடுவாள்?

"பக்கத்துல பேப்பர் சுத்தி ஒண்ணு இருக்குல்ல. அதைப் பிரிச்சுப் பாரு."

"மாமா ஊட்டுக்குப் போய்த்தான்னு சொன்னாரேக்கா."

"பிரி. இப்பவே பிரி."

பேப்பர் கிழிகிற சத்தம் கேட்டது. வைப்பர் ஒருமுறை போய் வந்தது. இன்னொரு முறை. பாட்டு நின்றது.

"மாமா..." என்றது அக்ஷயாவின் குரல். இதுவரை அவள் பேசிக் கேட்டிராத சின்னக் குரல். "மாமா, ஏமிடிதி?"

"கீழ வைம்மா." சுரேஷ்பாபு. அதே நிதானம். "கண்ணாடி. கையக் கிழிச்சுடும்."

லைன் துண்டானது.

மறுபடி அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

போலீஸுக்கு, நூறுக்குப் போட்டாள். உடைந்த தெலுங்கில் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். பெண் மேஜரா? ஆமாம். விருப்பத்தோடு ஏறினாளா? ஆமாம். சொந்தத் தாய்மாமனா? ஆமாம். வண்டி நம்பர்? தெரியாது. வெள்ளைக் கார். ஒவ்வொரு பதிலும் அக்ஷயாவை இன்னும் கொஞ்சம் தூரத்துக்குக் கொண்டு போனது. தகவல் சொல்கிறோம் என்றார்கள். யாருக்கு? எந்த வளைவில் போய் நிறுத்துவார்கள்?

பரணிக்கு அடித்தாள். எடுத்தான். எடுத்ததும் விசைத்தறிகளின் சத்தம்தான் கொட்டியது. தடக் தடக் தடக் தடக்.

"பரணி! அக்ஷயாவை—"

"அக்கா! கேக்கலக்கா! தறி ஓடிக்கினு கீது!"

"வெளியே வா! வெளியே வந்து கேளு!"

"எங்க நைனாவும் ஒத்துக்கினாருக்கா! அம்மாவும் வருது! காலைல மொத பஸ்!" தடக் தடக். சந்தோஷமான கத்தல். "அவளுக்குப் பொடவ எடுத்து வெச்சிகீறோம்!"

"பரணி!"

தடக். தடக். வைத்துவிட்டான்.

தேவசேனா அறை நடுவில் நின்றாள். மழை. இன்வெர்ட்டர். திரையில் அந்த முகம். அதை அணைக்கக் கை நீட்டினாள். அணைக்க முடியவில்லை. அணைத்தால் ஏதோ முடிந்துவிடும் போல இருந்தது.

போனில் டிங்.

அப்பாவின் நம்பர். மெசேஜ் இல்லை. ஃபார்வர்ட் பண்ணிய ஒரு படம் மட்டும்.

திறந்தாள்.

கார் பின்சீட். உள்விளக்கின் மஞ்சள் வெளிச்சம். கிழிந்த பேப்பருக்கு நடுவே ஃப்ரேம். அதன்மேல் சாமந்தி மாலை. நல்ல பிரிண்ட். தங்கவேலுவின் மெஷின் எப்போதும் கொஞ்சம் கருப்பாகத்தான் அடிக்கும். பின்னலுக்குப் பின்னால் அவள் மங்கலாக்கி விட்டிருந்த நிழல் இப்போது தெளிவாக இருந்தது. காதிலிருந்து காதுக்கு.

ஃப்ரேமின் கண்ணாடியில் இன்னொரு முகம் விழுந்திருந்தது. படத்துக்குள் இருக்கிற முகத்தின்மேல், கிட்டத்தட்ட அளவு பிசகாமல், அதே முகம். குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. தோளின்மேல் ஒரு கை.

அந்தக் கையை அவள் அழித்திருந்தாள். இது பரணியின் கை இல்லை. வெள்ளைச் சட்டைக் கை.

தேவசேனா படத்தின் அடிப்பகுதியைப் பெரிதாக்கினாள். தெலுங்கு எழுத்துகள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எண்கள் தெரியும். இரண்டு தேதிகள் இருந்தன. முதலாவது அக்ஷயாவின் பிறந்தநாள். காலையில் ரிஜிஸ்ட்ரேஷனுக்காக அவளே சொல்லிச் சிரித்த தேதி.

அதற்குப் பக்கத்தில், தங்கவேலு திருத்தித் தருகிறேன் என்று சொன்ன தப்பு.

நாளைய தேதி.