எர்த் குழி

மெயினை இறக்கிவிட்ட பிறகும் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.

திலகா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததில் உத்திரமேரூர்ப் பக்கம் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. குழாயைத் தொட்டபோது சுரீரென்று இழுத்ததால் மெயினையும் இறக்கியிருந்தாள். அப்படியும் முனகல் நிற்கவில்லை. ஈரச் சுவர் வாசனையும் வயலில் இருந்து வந்த சேற்று வாசனையும் கலந்த காற்றில், மயிர் பொசுங்கும் நாற்றம் ஒன்று மெதுவாகக் கிளம்பி மூக்கில் ஏறியது.

அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். எழுதியவளே அவள்தானே.

செல்போனில் வரும் ஒரு காமிக்ஸ் தொடருக்கு அவள்தான் படம் வரைகிறாள், கதையும் எழுதுகிறாள். அதில் வில்லன் மின்வேந்தன். கம்பி வழியே வருவான். தொட்டவர் உடம்பைச் சட்டைபோல மாட்டிக்கொள்வான். முதலில் முனகல், அடுத்து பொசுங்கல் நாற்றம், கடைசியில் இடது உதடு மட்டும் மேலேறும் சிரிப்பு. வாசகர்களுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். வில்லன்மேல் இப்படி உயிரை விடுகிற ஜனத்தை என்ன சொல்வது?

இன்று மத்தியானம் அவனை அவள் கொன்றாள். கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்குகிற, காய்ந்துபோன ஓர் எர்த் குழிக்குள் தள்ளிப் புதைத்தாள். 'இவனுக்கு ஒரு சொட்டு ஈரம் காட்டாதீர்கள்' என்பது கதாநாயகியின் கடைசி வசனம். மாதிரிக்குப் பம்புசெட் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் வீட்டு எர்த் குழியையே வரைந்தாள். துருப்பிடித்த குழாய், கரி, பக்கத்து வாழை, உடைந்த செங்கல் எல்லாம் அப்படியே. படத்தை அனுப்பியும் ஆயிற்று. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

டெஸ்டரை எடுத்தாள். சுவிட்சில் வைத்தாள், எரியவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் வைத்தாள், எரிந்தது. கிரைண்டரில் எரிந்தது. குழாயிலும் எரிந்தது.

ஆறு வயது மகள் அம்முலுவைத் தூக்கி மரக்கட்டிலில் உட்கார வைத்தாள். "கால கீழ வெக்காத." டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டே செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, வயர்மேன் புருஷோத்தமனைக் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, மெயின எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேம்பா. ஃபிரிட்ஜ்ல வெச்சா டெஸ்டர் எரியுது."

"அப்போ எர்த்து வழியா வருது. மெயின எறக்கினா எர்த்து கட்டாவாதுக்கா. குழி காஞ்சி கீது போல. உப்புத்தண்ணி ஊத்து, சரியாப்பூடும்."

இந்தப் பக்கத்தில் பம்புசெட் உள்ளவர்கள் எர்த் குழியைக் காயவிட மாட்டார்கள். அவள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குடம் உப்புத்தண்ணீர். அது அம்முலுவின் வேலை. சின்ன பிளாஸ்டிக் குடம்கூட அதற்கென்று உண்டு.

இன்றைக்கு ஊற்றக் கூடாது; ஈரம் பட்டால் அவன் எழுந்துவிடுவான். குழியிலிருந்து வரும் கம்பியை வெட்டிவிட வேண்டும். திலகா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, அரிவாளைத் தேடி எடுத்துத் திரும்பினாள்.

கட்டிலில் பிள்ளை இல்லை.

உப்பு ஜாடி திறந்து கிடந்தது. குடத்தையும் காணோம்.

ஓடினாள். வரப்பு வழுக்கியது. "ஊத்தாத." தவளைச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை. "அம்முலு, ஊத்தாத."

தண்ணீர் விழும் சத்தம்.

முனகல் நின்றது. தவளைகளும் நின்றன.

வாழையடியில், கணுக்கால்வரை வாய்க்கால் சேற்றில், அம்முலு நின்றிருந்தாள். குடம் காலியாக இருந்தது. "ஊத்திட்டேம்மா."

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. திலகாவுக்கு அழுகை வந்தது. பிறகு காற்றே இல்லாமல் அம்முலுவின் தலைமயிர் ஒவ்வொன்றாக எழும்பியது. பிள்ளை சிரித்தாள். இடது உதடு மட்டும் மேலேறியது.

"தூக்கும்மா."

நீட்டிய விரல்களின் நுனி கருகியிருந்தது.

உடம்பு மாற அவனுக்கு ஒரு தொடுதல் போதும். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு. திலகா அரிவாளைப் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். சேற்றில் இறங்கி மகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு அணைகிறதா என்று முகத்தையே பார்த்தாள்.

அணையவில்லை.

திலகாவின் இடது உதடும் மெல்ல மேலேறியது.