துண்டு போட்ட புழு

செத்த நத்தையின் கூடு நகர்ந்தது. பத்து நாளாகக் காலியாகக் கிடந்த கூடு, பவளக்கல்லின் அடியிலிருந்து மணலைக் கீறிக்கொண்டு நாலு விரற்கடை வந்து நின்றது. அதன் வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று, இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் சிலிர்க்க, எட்டிப் பார்த்து உள்ளே போனது.

ஜலீல் கத்தரிக்கோலைத் தேடினார்.

பழங்காநத்தத்து வீட்டின் முன்னறையில் இந்தக் கடல்மீன் தொட்டியைத் தாழ்வாக வைத்துவிட்டுச் சவுதிக்குப் போனவன் மகன் அசீம். வாதம் வந்து எட்டு மாதமாக இடப்பக்கம் மரத்துப்போன அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று. ஷாஹீதா மீனைப் பார்த்தாள். ஜலீல் மனைவியின் இடக்கையைப் பார்த்தார். ஒரு விரல் அசைந்தால் போதும் அவருக்கு.

இந்தப் புழுவைப் பற்றித் தொட்டி விற்ற ராம்கியிடம் போனில் முன்பே கேட்டிருந்தார்.

"பாய், அது குப்பையத் தின்னு தண்ணிய சுத்தமா வச்சிருக்கும். தீனியக் கொறைங்க. ரொம்பப் பெருத்தா முழுசா எடுத்து வெளிய போடுங்க. துண்டு மட்டும் போட்றாதீங்க."

"ஏன் மாப்ள, துண்டு போட்டா ஒன் ஏவாரம் படுத்துருமோ?"

கடைக்காரன் வேண்டாம் என்றால் அதில் அவனுக்கு ஏதோ லாபம். கண்மாயில் தூண்டில் போட்ட காலமெல்லாம் புழுவைத் துண்டு போட்டுத்தான் கொக்கியில் குத்தினார். எந்தத் துண்டு பிழைத்தது? ஒரு மாதமாக அகப்பட்டதையெல்லாம் நறுக்கி, மீனுக்குத் தீனியாகட்டும் என்று தொட்டியிலேயே விட்டார். மயிர் குத்திய விரல் கண்ணாடித்தூள் பட்டதுபோல் எரிந்தது. மீன்தான் குறைந்துகொண்டு வந்தது.

அன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதுக்குப் பம்ப் நின்றது. வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று அடைத்து வைத்த சன்னல்களால் அறை மங்கிக் கிடந்தது. அழுகின இறால் வாடை மெல்ல எழுந்தது. பம்பின் இரைச்சல் போன பிறகுதான், மணலுக்குள் யாரோ அரிசி களைவதுபோல் ஒரு சத்தம் இத்தனை நாளும் இருந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. மூடியைத் திறந்து, மீனுக்கு மூச்சு முட்டாமல் இருக்க, தொட்டித் தண்ணீரையே மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினார். தோள் கடுத்ததும், கரன்ட் எப்போது வரும் என்று விசாரிக்கத் தெருவுக்குப் போனார்.

திரும்பியபோது ஷாஹீதா கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. விரலு அசையுது."

சக்கர நாற்காலி தொட்டியை ஒட்டி நின்றது. அவளுடைய இடக்கை தண்ணீருக்குள் கிடந்தது.

"நாந்தான் சோத்தாங்கையால தூக்கி விட்டேன். சும்மா கெடக்குற கைதான, தண்ணிய அலசட்டும்னு. பாருங்க, எம்புட்டு நாளைக்கப்பறம்."

கலங்கிய தண்ணீரில் விரல்கள் மடங்கின. நீண்டன. ஜலீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்தார்.

எண்ணினார்.

ஐந்து. ஏழு. பதினொன்று.

வெள்ளை மயிர். நடுவில் வெட்டுத் தழும்பு. தழும்புக்கு அப்பால், புதுத் தலை.

கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கல்லுக்கு உள்ளிருந்து ஏதோ பிடித்து இழுத்தது.

"விடுங்க, சொகமா இருக்கு." ஷாஹீதா பாதி வாயால் சிரித்தாள். "முழங்கை வரைக்கும் உணர்ச்சி வந்துருச்சு."

தண்ணீருக்கு மேலே, முழங்கையின் தோலுக்கு அடியில், ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.